புட்டியில் அடைத்த வீரியம்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் நண்பர் ஒருவரின் மகன் என் இல்லம் தேடி வந்தார். விடுதியில் தங்கிக் கல்லூரியிற் பயில்பவர், வயது பத்தொன்பது. பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து மேசைமீது வைத்து, "ஐயா, இதனைத் தொடர்ந்து உண்ணலாமா?" என்று வினவினார். ஆண்களுக்குரிய டெஸ்டாஸ்டெரோன் என்னும் ஹார்மோனைப் பெருக்கும் என்று அதன்மேல் பொன்னெழுத்தில் பொறித்திருந்தது. விலையைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். உணவு விடுதிக்கெனத் தந்தை அனுப்பிய பணம் புட்டியாக மாறியிருந்தது.

மருந்தியல் கற்பித்தே வயதைக் கழித்தவன் நான். ஆகவே புட்டியைத் திருப்பி, பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த பட்டியலைப் படிக்கலானேன். மாணவ நண்பர்களே, அன்று அவரும் நானும் படித்ததையே இன்று உங்களுக்கும் கூற விழைகிறேன்.

முதலில் ஒரு செய்தி. குரல் தடிப்பதும், மீசை அரும்புவதும், தசை திரள்வதும், எலும்பு உறுதிப்படுவதும் இந்த ஹார்மோனின் வேலை. இதனை ஊறச் செய்பவை விரைகள். எவ்வளவு ஊறவேண்டும் என ஆணையிடுவது மூளையும், அதனடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியும். குருதியில் அளவு ஏறினால் ஆணை தளரும், இறங்கினால் வலுக்கும். வயலில் நீர் நிறைந்ததும் ஏற்றத்தை நிறுத்தும் உழவனைப் போன்றது இவ்வேற்பாடு. நலமுள்ள இளைஞன் ஒருவனிடத்தில் இதனை வெறும் பொடியால் ஏமாற்றுவது எளிதன்று.

பட்டியலில் முதற்பெயர் நீண்ட லத்தீன் பெயர். "இது யாதென்று அறிவீரா?" என்றேன். விழித்தார். நம் ஊர்ப் புறம்போக்குகளில் காலைக் குத்தும் நெருஞ்சியே அது! நீர்க்கடுப்புக்குச் சித்த மருத்துவர் நெடுங்காலமாக வழங்கி வருவது. அதனை நான் இகழவில்லை. பல்கேரிய நாட்டுப் பளுதூக்கும் வீரர்கள் இதனை உண்டே வென்றனர் என்று விற்போர் சொல்லிக்கொள்வதுண்டு. அந்தப் பல்கேரிய நாட்டிலேயே, 2005-இல் வெளியான ஆய்வொன்றில், நலமுள்ள இளைஞர் 21 பேரைத் தெரிந்தெடுத்து, அவருள் ஒரு பகுதியினருக்கு நான்கு வாரம் நெருஞ்சிச் சாறத்தைக் கொடுத்துப் பார்த்தனர். உண்டவர்க்கும் உண்ணாதவர்க்கும் ஹார்மோன் அளவில் வேறுபாடு காணப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆட்டக்காரர்களிடம் ஐந்து வாரம் சோதித்தபோதும், 2007-இல் வெளியான முடிவு அதுவே. விலங்குகளிடம் சில ஆய்வுகள் நற்பலன் காட்டின என்பது மெய்தான். ஆயின் புட்டியை வாங்குபவர் முயலல்லவே.

அடுத்தது டி-ஆஸ்பார்டிக் அமிலம். இதன் வரலாறு சுவையானது. 2009-இல் இத்தாலிய அறிஞர் சிலர் 23 ஆண்களுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 கிராம் வீதம் 12 நாள் கொடுத்தனர். ஹார்மோன் சராசரி 42 விழுக்காடு உயர்ந்ததாக அறிவித்தனர். விற்போர் கதையை இவ்விடத்திலேயே நிறுத்திவிடுவர். 2013-இல் அமெரிக்காவில், எடை தூக்கிப் பழகிய ஆண்களுக்கு அதே 3 கிராமை 28 நாள் கொடுத்தபோது உயர்வு ஒன்றுமில்லை. 2015-இல் ஆஸ்திரேலியாவில் அத்தகையோருக்கு அளவை இரட்டித்து 6 கிராம் கொடுத்தனர், ஹார்மோன் குறைந்தது! உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்லும் இளைஞர், இத்தாலிய ஆய்வினரைவிடப் பின்னைய இருசாரரையே ஒத்தவர் என்பதைக் கருதிப் பாருங்கள்.

மூன்றாவது துத்தநாகம். இங்கே நான் சற்று மரியாதையோடு நின்றேன். பீகாரிற் பிறந்த ஆனந்த பிரசாத் என்னும் மருத்துவர், ஈரானிலுள்ள ஷிராஸ் நகரில் பணியாற்றியபோது, 21 வயதாகியும் பத்து வயதுச் சிறுவனைப் போன்ற தோற்றமுடைய நோயாளி ஒருவரைக் கண்டார். பருவ வளர்ச்சியே இல்லை. அத்தகையோரின் உணவு பெரும்பாலும் புளிக்க வைக்காத கோதுமை ரொட்டி. மண்ணுண்ணும் பழக்கமும் இருந்தது. துத்தநாகக் குறைவே காரணம் என்பது பின்னர் எகிப்தில் நடத்திய ஆய்வுகளால் தெளிவாயிற்று. 1996-இல் பிரசாத் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இளைஞர் சிலருக்கு 20 வாரம் துத்தநாகம் குறைந்த உணவு அளித்தபோது, ஹார்மோன் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காக இறங்கியது. சிறிது குறைவுடைய முதியோருக்கு ஆறு மாதம் துத்தநாகம் கொடுத்தபோது ஏறக்குறைய இரட்டித்தது. குறைந்தவனுக்கு அது மருந்து. பருப்பும் நிலக்கடலையும் இறைச்சியும் வயிறார உண்பவனுக்கு அதனால் வரும் ஆதாயம் இல்லை. மிகுதியாக நெடுநாள் உண்டால் உடலில் செம்பு குறையும் என்னும் தீங்கே மிச்சம்.

வெந்தயமும் அமுக்கராவும் பட்டியலில் இருந்தன. சிறு ஆய்வுகள் சிலவற்றில் ஓரளவு உயர்வு காணப்பட்டது. வேறு சிலவற்றில் இல்லை. அமுக்கரா உண்ட சிலருக்கு ஈரல் கேடுற்றதாகவும் மருத்துவக் குறிப்புகள் உள்ளன. டென்மார்க் நாடு 2023-இல் அதனைத் தடை செய்தது. எஞ்சிய பத்துப் பொருள்களைக் கலவை என ஒரே பெயரிட்டு மொத்த எடையை மட்டும் கொடுத்திருந்தார்கள். எது எவ்வளவு என்பது செய்தவருக்கே வெளிச்சம்.

2020-இல் அமெரிக்க அறிஞர் சிலர் இத்தகைய சரக்குகள் 50-ஐத் திரட்டி ஆராய்ந்தனர். அவற்றிலிருந்த 109 பொருள்களுள், ஹார்மோனை உயர்த்தியதாக ஏதேனும் ஆய்வுச் சான்று உடையவை நாலில் ஒரு பங்கே. பத்தில் ஒன்று குறைத்ததாகவும் சான்று இருந்தது. பாதிக்கு மேற்பட்டவற்றைப்பற்றி ஆய்வே கிடையாது.

"ஆனால் ஐயா, முதல் வாரம் உடம்பில் புதுத்தெம்பு தோன்றியதே!" என்றார் அவர். பொய் சொல்லவில்லை. 1889-இல் பிரௌன்-செகார் என்னும் பெரும் உடலியலறிஞர், தம் 72-ஆம் வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச்சாற்றைத் தம் உடலிற் செலுத்திக்கொண்டு, இளமை மீண்டதாகப் பாரிஸ் நகர அறிஞர் அவையில் அறிவித்தார். 2002-இல் ஆஸ்திரேலியர் அவர் முறைப்படியே சாறெடுத்து அளந்தனர். பயன்தரும் அளவு ஹார்மோன் அதில் இல்லவே இல்லை. அத்தகைய பேரறிஞரையே நம்பிக்கை மயக்கியதென்றால் பத்தொன்பது வயதை எங்ஙனம் குறை கூறுவது? நானும் மாணவப் பருவத்தில் சந்தையில் ஒரு லேகியம் வாங்கித் தின்றவன்தான். வெல்லம் நன்றாகவே இருந்தது.

வெறும் பொடியாயின் பணம் போவதோடு ஒழியும். அமெரிக்க உணவு மருந்துத் துறையினர் இவ்வகைச் சரக்குகள் பலவற்றில், பட்டியலில் சொல்லாத மருந்துகள் மறைந்திருக்கக் கண்டுள்ளனர். மெய்யான ஹார்மோனையே வெளியிலிருந்து புகுத்திவிட்டால் வேறு கேடு: உழவன் ஏற்றத்தை நிறுத்திவிடுவான், விரைகள் சுருங்கும், விந்தணு குன்றும். உண்மையிலேயே குறைவுடையோர் உண்டு. அவர்க்கு வழி, காலை வேளையில் குருதியை இருமுறை சோதித்து மருத்துவரை நாடுவது.

இறுதியாக, "இரவு எப்போது உறங்குகிறீர்?" என்று கேட்டேன். கைப்பேசியை வைத்துவிட்டு உறங்க ஒரு மணியாகும் என்றும், உடற்பயிற்சிக் கூடத்திற்காக ஐந்தரைக்கு எழுவதாகவும் சொன்னார். சிகாகோவில், 2011-இல் வெளியான ஆய்வில், நலமுள்ள இளைஞர் பத்துப்பேரை எட்டு இரவுகள் ஐந்து மணி நேரமே உறங்கவிட்டனர். பகல்நேர ஹார்மோன் 10 முதல் 15 விழுக்காடு குறைந்தது. இதனைச் சொன்னதும் சிரித்துவிட்டார். புறப்படும்போது புட்டியை எடுத்துச் செல்லவில்லை. பாதிக்குமேல் நிறைந்தபடி அது இன்னும் என் மேசைமீதே இருக்கிறது.