குடியை விட்டுப் படிக்க வரும் பிள்ளை
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச வந்தது நம் பிள்ளைகளைப் பற்றி அல்ல. நம் லயங்களுக்கும் அப்பால், காட்டுக்குள் இருக்கும் முதுவர் பிள்ளைகளைப் பற்றி. மதுரையிலிருந்து மீனாட்சியம்மன் சிலையை முதுகில் சுமந்து மலையேறினோம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அவர்கள் பேச்சும் தமிழுக்கு நெருங்கியது. அப்படியானால், இந்த மலைக்குக் குடியேறியவர்களில் அவர்களே நமக்கு மூத்தவர்கள்.

இடமலக்குடி 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி ஆயிற்று. ஆனால் நெடுங்காலம் அங்கே பள்ளி நான்காம் வகுப்போடு சரி. மேலே படிக்க வேண்டுமானால் பத்து வயதுகூட நிரம்பாத பிள்ளை தாயை விட்டு விடுதிக்கு வர வேண்டியிருந்தது. அங்கே பாடம் மலையாளத்தில், சோறு வேறு, பழக்கம் வேறு. அழுதுகொண்டு திரும்பிப் போனால், "இவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்கிறோம்.

அக்கறை இல்லையா? அதே இடமலக்குடியில் சின்னத்தம்பி என்னும் முதியவர் தம் டீக்கடையில் 160 புத்தகங்களோடு நூலகம் நடத்தியதைப் பத்திரிகையாளர் சாய்நாத் 2014-இல் எழுதினார். வயநாட்டுக் குறிச்சியர் குடும்பத்தில் பிறந்த ஸ்ரீதன்யா சுரேஷ், 2018-ஆம் ஆண்டின் சிவில் சர்வீஸ் தேர்வில் 410-ஆவது இடம் பெற்றார். கேரளப் பழங்குடிப் பெண்களில் அத்தேர்வில் வென்ற முதல்வர் அவரே. அவர் பெற்றோர் கூலி வேலை செய்தவர்கள்.

குடியின் பெரியவர்களுக்கும் ஓர் அச்சம் உண்டு. சாவடியில் பெரியவர்களோடு தங்கிக் காட்டையும் முறையையும் கற்க வேண்டிய வயதில் பிள்ளை வெளியே போகிறான். திரும்பி வரும்போது நம்மவனாக வருவானா என்று கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. தன் மொழிக்கு வெட்கப்படக் கற்றுக்கொடுத்தால் அது படிப்பே அல்ல.

2017-இல் வயநாட்டில் கோத்ரபந்து திட்டம் வந்தது. பழங்குடி ஆசிரியர்களே பள்ளியில் நின்று பிள்ளைகளிடம் அவர்கள் மொழியில் பேசினார்கள். வாசலில் தன் மொழி கேட்டால் பிள்ளைக்குக் கால் ஊன்றும்.

தோழர்களே, ஒன்றை ஒளிக்காமல் சொல்வோம். பள்ளியில் நம்மைப் 'பாண்டி' என்று கேலி செய்தபோது நமக்கு வலித்தது. அதே நாம் முதுவர் பிள்ளையையும், அட்டப்பாடி இருளர் பிள்ளையையும் 'காட்டான்' என்கிறோம். இதை முதலில் நம் வீட்டில் நிறுத்துவோம்.

பள்ளி திறக்கும் மாதத்தில் ஒவ்வொரு கிளையும் தன் பகுதி விடுதிக்குப் போகட்டும். படிவம் நிரப்பிக் கொடுப்போம். பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவோம். ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு நம் வீட்டில் ஒரு இரவு இடம் கொடுப்போம். இதற்குப் பெரும் பணம் வேண்டாம், மனம் இருந்தால் போதும்.