வலிப்பு நோயும் தைலத் தேய்ப்பும்



வலிப்பு நோய் என்ற பெயரைக் கேட்டவுடன் குரலைத் தாழ்த்திக்கொள்வது நம்மவர் வழக்கம். வீட்டில் ஒருவருக்கு அந்நோய் இருப்பதை அண்டை வீட்டாரும் அறியாதவாறு மறைத்து வைக்கிறோம். பிழைப்பை நாடி மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியேறிய நமக்கு இவ்வாறு மறைப்பது இன்னும் எளிது. விசாரிக்க உற்றார் உறவினர் அருகில் இல்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதுதான் பேச்சு எழுகிறது. “இத்தனை வருஷம் மாத்திரை தின்று என்ன கண்டீர்கள்? ஒரு மண்டலம் தைலம் தேய்த்துப் பிடித்துவிட்டால் நரம்பு தானே வழிக்கு வந்துவிடும்” என்று குடும்பத்துப் பெரியவர் ஒருவர் கூறுகிறார். அன்பினால் கூறும் இந்த யோசனையில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் நோயின் இயல்பை அறிந்துகொள்வோம். நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். சரக சம்ஹிதை இதற்கு அபஸ்மாரம் என்று பெயரிட்டு, நினைவு அழியும் நோய் என விளக்கி, நான்கு வகையாகப் பிரித்துக் கூறுகிறது. தமிழில் இதற்கு முயலகன் என்ற பெயரும் உண்டு. நடராசப் பெருமானின் திருவடியின்கீழ்க் கிடப்பவன் பெயரும் அதுவே. கொல்லி மழவன் மகளைப் பற்றியிருந்த முயலகன் நோயைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் ஞானசம்பந்தர் நீக்கிய வரலாற்றைப் பெரிய புராணம் கூறுவதை நேயர்கள் அறிவார்கள். தெய்வக் குற்றம் என்றும் பேயின் சேஷ்டை என்றும் உலகம் முழுவதும் இந்நோயை அஞ்சியது. எனினும் கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் பழைய நூலொன்று, ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன்பே, ஏனைய நோய்களைப் போல இதுவும் இயற்கையில் எழுவதே, இதன் இருப்பிடம் மூளையே என்று துணிந்து கூறிற்று.

அக்கூற்று உண்மையாயிற்று. மூளையின் அணுக்கள் நுண்ணிய மின்னலைகளால் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்கின்றன. அவற்றுட் சில, கட்டுக்கு அடங்காமல் ஒருங்கே துடிக்கும்போது வலிப்பு உண்டாகிறது. 1924-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். அவ்வழியில் வந்த கருவியைக் கொண்டே இன்றும் இந்நோயை ஆராய்கின்றனர். ஆகவே வலிப்பின்போது கையும் காலும் உதறினாலும், நோய் கையிலும் இல்லை, காலிலும் இல்லை. அதன் ஊற்று தலைக்குள் இருக்கிறது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், தைலத் தேய்ப்பு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது தானே விளங்கிவிடும்.

உடம்பைப் பிடித்துவிடும் கலை நமக்குப் புதியதன்று. சித்த மருத்துவம் இதனைத் தொக்கணம் என்று வழங்கி, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் முதலாக ஒன்பது வகை கூறுகிறது. கேரளத்தில் இது உழிச்சில், நகரங்களில் மசாஜ். பக்குவமறிந்த கை பட்டால் இறுகிய தசை தளர்கிறது, மூச்சு சீராகிறது, மனத்தின் பதற்றம் தணிகிறது, நல்ல உறக்கமும் வருகிறது. வலிப்பு நோயாளருக்கு இவை சிறிய நன்மைகள் அல்ல. உறக்கக் குறைவும் மன உளைச்சலும் பலருக்கு வலிப்பைத் தூண்டுவனவாகும். வலிப்பு வந்து ஓய்ந்தபின் மறுநாள் முழுவதும் அடித்துப் போட்டாற்போல் உடம்பு வலிப்பதும் உண்டு. இவற்றுக்கு இதமான தேய்ப்பு ஆறுதல் தரும். அன்றியும், ‘எந்நேரம் விழுவாரோ’ என்று பிறர் விலகி நிற்கும் ஒருவருக்கு, அச்சமின்றித் தொடும் ஒரு கை எத்தகைய தைரியத்தைத் தரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆனால் தேய்ப்பினால் வலிப்பு நோய் தீரும் என்பது இதுவரை நிறுவப்படவில்லை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் டிம் பெட்ஸ் என்ற மருத்துவர், நறுமண எண்ணெயையும் மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சியையும் இணைத்துச் சில நோயாளரிடம் கையாண்டு, அதன் பயனை 2003-இல் வெளியிட்டார். சிலருக்கு வலிப்பு குறைந்தது என்றே அவர் குறித்தார். ஆயினும் இந்த ஒரு சோதனையைக் கொண்டு, இதுவே மருந்து என்று முடிவு கட்டுதல் தகாது. தேய்ப்பு மருந்தின் துணையாகலாம். மருந்தின் இடத்தைப் பிடிக்கலாகாது.

இதை நாம் அழுத்திக் கூறக் காரணம் உண்டு. பீனோபார்பிடோன் 1912-லும் பெனிட்டாயின் 1938-லும் வலிப்பு நோய்க்குப் பயன்படத் தொடங்கின. அவற்றின் பின் பல நல்ல மருந்துகள் வந்துள்ளன. முறையாக மருந்துண்டால், இந்நோயுடையோரில் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இம்மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த வலிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும். ஒன்றன்மேல் ஒன்றாக ஓயாமல் வந்து உயிரையே பறிப்பதும் உண்டு. தைலச் சிகிச்சை தொடங்கும் நாளில் ‘பத்தியம்’ என்ற பெயரால் மாத்திரையை நிறுத்துவதே பேராபத்து. தைலம் தேய்த்த நாளிலும் மாத்திரை உண்டு. தேய்க்காத நாளிலும் உண்டு. குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவர் சொல்லிப் படிப்படியாகச் செய்ய வேண்டிய காரியம்.

இனி, எந்த எண்ணெய் என்ற கேள்வி எழும். நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் தீங்கற்றவை. கற்பூரமோ வேறு. தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சிச் சளி பிடித்த குழந்தையின் மார்பில் தடவுவது நம் வீடுகளில் உள்ள பழக்கம். 1934-இல் புடாபெஸ்டைச் சேர்ந்த மெதூனா என்ற மருத்துவர், சில மனநோயாளருக்கு வலிப்பை வேண்டுமென்றே உண்டாக்க நினைத்தபோது முதலில் ஊசி வழியே ஏற்றியது கற்பூரத்தைத்தான் என்று கூறினால், அதன் இயல்பு விளங்கும். கற்பூரம் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும்; சிறு குழந்தைகளுக்கு அவ்வாறே வலிப்பு வந்ததுண்டு. நீலகிரித் தைலமும் வலிப்பைத் தூண்டக்கூடியதே. ஆகவே வலி நீக்கும் தைலம் எதுவாயினும், அதில் கற்பூரமோ நீலகிரித் தைலமோ உண்டா என்று புட்டியின் மேலுள்ள சீட்டைப் படித்துப் பார்த்தல் வேண்டும். இன்னது கலந்தது என்று சொல்ல மறுப்பவரின் தைலம் நமக்கு வேண்டுவதில்லை.

எண்ணெய் தேய்த்தால் அடுத்து வெந்நீர்க் குளியல். இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. தலையில் வெந்நீரை ஊற்றும்போதே சிலருக்கு வலிப்பு வருகிறது. வெந்நீர் வலிப்பு என்று வழங்கும் இவ்வகை, கர்நாடகத்தின் தென்பகுதியில், குறிப்பாக மைசூர், மாண்டியா வட்டாரங்களில், மிகுதியாகக் காணப்படுகிறது. பெங்களூர் மருத்துவர்கள் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். இத்தகையோர் வெதுவெதுப்பான நீரையே கொள்ள வேண்டும். முதலில் உடம்புக்கு ஊற்றிப் பின்னரே தலைக்கு ஊற்றுவது நலம். வலிப்பு நோயுடைய எவரும் குளியலறையின் தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்ளலாகாது. எண்ணெய் சிந்திய தரை வழுக்கும் என்பதையும் வீட்டார் கவனிக்க வேண்டும்.

பிடித்துவிடுபவர் அறியவேண்டியன சில உண்டு. பெனிட்டாயின், பீனோபார்பிடோன் போன்ற மருந்துகளைப் பல்லாண்டு உண்டவர்களுக்கு எலும்பு வலுக்குறைந்திருக்கலாம். அவர்களிடம் முறுக்கலும் மிதித்தலும் ஆகா. மென்மையாக நீவுவதே ஏற்றது. வலிப்பின் வேகத்தில் தோள்மூட்டு நழுவுவதும் முதுகெலும்பு நொறுங்குவதும் நேரிடும். எனவே வலிப்புக்குப் பின் தோளோ முதுகோ தாளாமல் வலித்தால், சுளுக்கு என்று எண்ணி உருவத் தொடங்காமல் முதலில் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். நரம்பைத் தூண்டும் சிறு கருவியை இடது மார்பின் மேற்புறம் தோலுக்கடியில் பொருத்திக்கொண்டவர்களும் இருக்கின்றனர். அவ்விடத்தையும் கழுத்தின் இடப்புறத்தையும் அழுத்தலாகாது. உயர்ந்த குறுகிய மேசையைவிடத் தரையில் விரித்த பாயே பாதுகாப்பானது. நோயாளரைத் தனியே விட்டு அகலுதலும், நீராவிப் பெட்டிக்குள் அடைத்தலும் கூடாது.

வலிப்பு வந்துகொண்டிருக்கும் வேளையில் தேய்ப்புக்கு இடமே இல்லை. கையையும் காலையும் அமுக்கிப் பிடிப்பதாலோ, உள்ளங்காலைச் சூடுபறக்கத் தேய்ப்பதாலோ, இரும்புச் சாவியைக் கையில் கொடுப்பதாலோ அது நிற்பதில்லை. நோயாளரை ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, தலையின்கீழ் மெத்தென்ற துணியை வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, அருகிலேயே இருத்தல் வேண்டும். வாயில் எதையும் திணிக்கவும் நீர் புகட்டவும் கூடாது. கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இன்னும் இரண்டொரு செய்திகள். ஊருக்குப் புறப்படும்போது விடுமுறை நாட்களுக்கு மேலும் சில நாட்களுக்குப் போதிய மாத்திரையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியோடு அது தொலைந்துவிடலாகாது. நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் அளவையும் நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் ஒரு சீட்டில் எழுதுவித்துச் சட்டைப்பையில் வையுங்கள். வழியில் மயங்கி விழுந்தால் நமக்காகப் பேசுவது அச்சீட்டுத்தான். தைலம் தேய்ப்பவரிடம் நோயை மறைக்காதீர்கள். தேய்ப்பை உங்கள் மருத்துவரிடமும் மறைக்காதீர்கள். இரண்டு மூன்று மருந்துகளுக்கும் வலிப்பு அடங்காவிடில், பெங்களூரின் நிம்ஹான்ஸ், தில்லியின் எய்ம்ஸ், 1995 முதல் வலிப்பு நோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துவரும் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் போன்ற இடங்களை நாடலாம்.

வலிப்பு நோயுடையோரின் திருமணத்துக்கு 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் தடை விதித்திருந்தது. 1999-இல் அத்தடை நீக்கப்பட்டது. சட்டம் விட்டொழித்த அச்சத்தை வீடும் விட்டொழிப்பதே முறை. அதற்குத் தைலத் தேய்ப்பு ஒரு நல்ல தொடக்கமாகலாம். வேளை தவறாமல் மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் அதே கை, மாலையில் தோளையும் முதுகையும் இதமாக நீவிவிடட்டும். அந்தக் கை நோயைத் தீர்க்காமற் போகலாம். நோயாளரைத் தனிமையினின்று மீட்கும்.