சுவடி காத்த தமிழ்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நாம் இன்று கூடியிருக்கும் இந்த ஜூ டவுனில் வாழ்ந்த யூத மாதர், தாம் பாடிவந்த மலையாளப் பாடல்களைக் கையேடுகளில் எழுதிப் போற்றினர். 1948-இல் இஸ்ரேல் நாடு அமைந்த பின்னர்க் குடும்பங்கள் அங்குப் பெயர்ந்தபோது, அவ்வேடுகளும் உடன் சென்றன. ஊரைவிட்டுச் செல்வோர்க்கு மொழியே ஊர் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அதற்கு நெடுங்காலம் முன்பே, தமிழைச் சுமந்து இக்கடற்கரைக்கு ஒருவர் வந்தார். அவரே சின்னத்தம்பி அண்ணாவி. அண்ணாவி என்பது ஆசிரியரைக் குறிக்கும் பழஞ்சொல். ஈழத்தில் கூத்துப் பயிற்றுவோரை இன்றும் அண்ணாவியார் என்றே அழைக்கின்றனர். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்று கலைஞர் மரபு கூறும் இப்பெரியார், போர்ச்சுகீசியர் தொடர்பால் இங்குப் பரவிய சார்லமேன் பேரரசனின் கதையைக் ‘காறல்மான் சரிதம்’ என்னும் நாடகமாக யாத்தார். கதையோ ஐரோப்பாவினது, நடித்தோரோ கொச்சி, கோதுருத்து, கொடுங்கல்லூர்ப் பகுதிகளின் இலத்தீன் கத்தோலிக்க மக்கள், பாட்டின் மொழியோ பெரிதும் தமிழ்!

இக்கலைக்குச் சவிட்டு நாடகம் என்று பெயர். சவிட்டு என்றால் மிதித்தல். மரப்பலகை மேடை அதிர, மணிமுடியும் வாளும் தரித்து, நடிகரே பாடி ஆடுவர். உழைத்து வாழும் எளிய மக்கள், ஆசானின் சுவடியைக் கொண்டு இப்பாட்டுக்களைக் கற்றனர். பொருள் முழுதும் விளங்காதபோதும் தமிழ் அடிகளை விடவில்லை. சபீனா ராபி அம்மையார் இக்கலையை ஆராய்ந்து 1964-இல் நூல் வெளியிட்டார். இன்று கேரளப் பள்ளிக் கலைவிழாவிலும் இது போட்டிக் கலையாக விளங்குகிறது.

நாடகம் மொழியைக் காக்குமா என்று ஐயுறுவோர் கார்ன்வாலை நோக்குக. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள அந்நாட்டின் கார்னிஷ் மொழி, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேச்சு வழக்கு இழந்தது. உலகப் படைப்பைப் பற்றி வில்லியம் ஜோர்டன் பெயரால் வழங்கும் 1611-ஆம் ஆண்டுச் சுவடி முதலிய நாடக ஏடுகள் எஞ்சின. 20-ஆம் நூற்றாண்டில் அம்மொழியை மீட்க முனைந்தோர்க்கு அந்நாடகங்களே பெருந்துணையாயின.

அன்பர்களே! என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு நம் விழா நாடகத்தில் நடித்த என் பேரன், தன் தமிழ் வசனங்களை மலையாள எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தான். கண்டேன், நெஞ்சம் கனத்தது. ஆயினும் மேடையில் அவன் நாவில் தமிழ் பிழையின்றி ஒலித்தது. குறை குழந்தையிடம் இல்லை. கற்பிக்க நேரமில்லை என்று நாள் கடத்திய என்னிடமே உள்ளது.

தமிழ் பேசாத இல்லத்துப் பிள்ளைகள் நம் மொழியின் அடிகளைப் பாடி ஆடுகின்றனர். நம் பிள்ளைகள் அவற்றை எழுத்துக்கூட்டிப் படிக்கவேனும் வேண்டாவா? ஆதலின், ஆண்டுதோறும் இச்சங்கம் ஒரு தமிழ் நாடகம் நடத்துக. நடிக்கும் பிள்ளை ஒவ்வொருவரும் தம் பகுதியைத் தமிழ் எழுத்தில், தம் கையாலேயே எழுதிப் பயில்க. என் பேரனுக்கு இன்றிரவே ஏடும் எழுதுகோலும் தருவேன். நீங்களும் தருவீர்கள் என நம்பி அமர்கின்றேன்.

வாழ்க தமிழ்!