நடிப்புக்குப் படிப்பு எதற்கு என்றவர்களுக்கு



இந்தப் பட்டிமன்றத்தின் தலைப்பு உங்களுக்குத் தெரியும். நடிப்புத் துறைக்குப் போகிற பிள்ளைக்கு நாடகத்தைக் கல்லூரியில் படிப்பது பலமா, பாரமா? பலம் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் எதிரணி நண்பர் பேசி முடித்ததும் விழுந்த கைதட்டலைக் கேட்டு, அமிர்தகழி ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது போலும் என்று ஒரு கணம் பயந்துபோனேன். பிறகு யார் தட்டினார்கள் என்று பார்த்தேன். பெரும்பாலும் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் நிற்கிற பிள்ளைகளின் தகப்பன்மார். அவர்களுடைய கவலை வேறு. அதற்கும் வருகிறேன்.

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறதே, அது எந்தக் கம்பஸில் படித்தது என்று நண்பர் கேட்டார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பாட்டைக் கேட்க என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. பறுவத்தன்று நடுச்சாமத்தில் தோணி எடுத்துக் கல்லடிப் பாலத்தடிக்குப் போக வேண்டும். துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மற்ற நுனியில் காதை வைக்க வேண்டும். வைத்தவருக்குக் கேட்கும். தோணியில் கூட வந்தவருக்குக் கேட்காது. மீனுக்கு அது போதும், நடிகனுக்குப் போதுமா? நடிகனின் குரல் அந்தா, கடைசியில் கச்சான் விற்கிற அம்மாவின் காதுக்கும் போக வேண்டும். கத்தாமல் போக வேண்டும். நாளைக்கும் அதே குரல் தொண்டையில் மிச்சமிருக்க வேண்டும்.

நாடகமும் அரங்கியலும் படிக்க வருகிற பிள்ளைக்கு முதல் நாளே யாரும் இராவணன் வேஷம் கொடுப்பதில்லை. மல்லாந்து படுக்கச் சொல்கிறார்கள். அடிவயிற்றில் கையை வைத்து மூச்சு எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்கிறார்கள். இதைத்தான் நண்பர், "படுத்துக் கிடக்கவா பட்டம்?" என்று கேலி செய்தார். குரல் அங்கேயிருந்துதான் வரவேண்டும். தொண்டையால் பேசுகிறவனுக்கு மூன்றாம் நாள் குரல் கட்டிவிடும்.

மறுகா ஒரு சின்ன வசனம் கொடுப்பார்கள். "கொஞ்சம் தண்ணி தாறீங்களா?" இவ்வளவுதான். இதை அம்மாவிடம் கேள். கடன் வைத்திருக்கிற கடைக்காரரிடம் கேள். சென்றியில் துவக்கோடு நிற்கிறவரிடம் கேள். சொல் மாறவில்லை. ஆனால் மூன்றாவது தடவை தோள் தானாகக் கீழே போகிறது, கை இரண்டும் அவர் பார்க்கிற இடத்துக்கு வருகிறது. நம் ஊர் உடம்புக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, அது முப்பது வருடம் போருக்குள் படித்த பாடம். வேண்டிய நேரத்தில் அந்த உடம்பை எடுத்து உடுத்தவும், நாடகம் முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவும்தான் பயிற்சி வேண்டும். உடுத்த மட்டும் தெரிந்து கழற்றத் தெரியாதவர் நல்ல நடிகராகலாம், நிம்மதியான மனிதராக இருப்பது கஷ்டம்.

சரி, நண்பருடைய பெரிய வாதத்துக்கு வருவோம். "நம்மட அண்ணாவிமார் எந்தப் பட்டம் வாங்கினவங்க? கூத்து ரத்தத்திலே ஊறினது." இதற்குத்தான் பெரிய கைதட்டல். ஐயா, ஊறின ரத்தத்துக்கு ஏன் மாதக்கணக்கில் பழக்கம்? ஒரு கூத்துப் போடுவதென்று ஊர் கூடித் தீர்மானித்தால் முதலில் சட்டம் கொடுத்தல். இன்னாருக்கு இன்ன வேஷம் என்று பாட்டுக்கொப்பி கைக்கு வரும். பிறகு இரவிரவாக ஆட்டப் பழக்கம். வீசாணம், எட்டு, நாலடி, குத்துநிலை. கால் தாளத்துக்கு வந்த பிறகுதான் சதங்கை அணிதல். அதற்கு முதல் சதங்கையைத் தொடவும் விடமாட்டார்கள். பிறகு கிழமைக் கூத்து. பிறகு அடுக்குப் பார்த்தல், இன்றைக்கு நாங்கள் ஒத்திகை என்கிறோமே, அது. எல்லாம் முடிந்துதான் வட்டக்களரியில் அரங்கேற்றம். நுழைவு இருக்கிறது, படிமுறை இருக்கிறது, தேர்வு இருக்கிறது, தேறாதவனை நிறுத்தி வைக்கிற வாத்தியார் இருக்கிறார். மத்தளத்தில் கை வைத்திருக்கிற அண்ணாவியார் ஒருத்தனுடைய கால் பிழைத்தால் மத்தளத்தை நிறுத்திவிட்டு, "மனே, திரும்ப வா" என்பாரே, அந்தத் "திரும்ப வா"வை எத்தனை தரம் கேட்டிருப்பான் ஒரு தருமபுத்திரன்! இதைக் கல்லூரி என்று சொல்லாமல் ரத்தம் என்று சொன்னால், அண்ணாவியாரின் உழைப்பை நாமே மறைத்ததாகிவிடும்.

இந்த மேடையில், அமிர்தகழியில் நின்றுகொண்டு, கூத்துக்கும் கம்பஸுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல எப்படித் துணிவு வந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பேராசிரியர் மௌனகுரு 1943 இல் பிறந்தது இந்த ஊரில். கூத்தைக் களரியில் பார்த்து வளர்ந்த பிள்ளை பேராதனைக் கம்பஸுக்குப் போனது. அங்கே பேராசிரியர் சு. வித்தியானந்தன் இருந்தார். அதற்கு முன்பே, 1956 இல், சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர 'மனமே'யை மேடையேற்றிச் சிங்கள நாடகத்துக்கு ஒரு புதிய முகம் கொடுத்திருந்தார். நமது கூத்துக்கு அப்படி ஒன்று ஏன் கூடாது என்று வித்தியானந்தன் மட்டக்களப்புக் கிராமங்களைத் தேடி வந்தார். அண்ணாவியாரைப் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப் போனார். விடிய விடிய ஆடுகிற கூத்து மேடைக்கென்று சுருங்கியது. 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்று 1960களில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 'இராவணேசன்' எழுதியவர் மாணவராயிருந்த மௌனகுரு.

அதற்கு முதல் படித்த ஆட்கள் கூத்தை எங்கே வைத்திருந்தார்கள்? வாசலுக்கு வெளியே. அது படியாதவர்களுடைய பொழுதுபோக்கு, நித்திரை முழிக்கிற வேலை. பேராதனை மேடையில் ஏறிய பிறகுதான் அது கலை என்று இங்கிலீசுப் படித்தவருக்கும் தெரிந்தது. சுருக்கியது சரியா, வட்டக்களரியில் நாலு பக்கமும் ஆள் இருந்து பார்த்ததை ஒரு பக்கம் மட்டும் பார்க்க வைத்தது சரியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஓயவும் வேண்டாம். சீலாமுனையில் கூத்தைக் கூத்துக்காரரோடு சேர்ந்து அவர்களுடைய களரியிலேயே மீளுருவாக்கம் செய்யப் போன சி. ஜெயசங்கரும் பல்கலைக்கழக ஆசிரியர்தான். பேராதனையின் வழியைக் கேள்வி கேட்கிற ஆளும் கம்பஸிலிருந்துதான் வருகிறார் என்பதை எதிரணி கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடகம் ஆடத் தெரியாமலா கொழும்புப் பல்கலைக்கழகத்துக்கு நாடக டிப்ளோமா படிக்கப் போனார்? நாற்பது வயது கடந்தவர், மேடை அனுபவம் உள்ளவர், போய் மாணவனாக உட்கார்ந்தார். திரும்பி வந்து 1978 இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். 1985 இல் அவர் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' மேடைக்கு வந்தது. அந்த நாடகம் யாழ்ப்பாணத்தில் என்ன செய்தது என்பதைப் பார்த்தவர்களைக் கேளுங்கள். சும்மா நடிக்கத் தெரிந்த ஒருவருக்கும் இவருக்கும் நடுவில் அந்தப் படிப்பு இருக்கிறது.

"சிவாஜி எந்தக் கல்லூரி?" என்றும் ஒரு கேள்வி வந்தது. பட்டிமன்றத்தில் சிவாஜி வராவிட்டால் சோறு செமிக்காது. சிவாஜி சின்ன வயதிலேயே யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பனியில் சேர்ந்தவர். அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை, பாட்டு, ஆட்டம், வசனம், பெண் வேஷம், அடி. அது விடுதியோடு கூடிய பள்ளிக்கூடம், சான்றிதழ் மட்டும்தான் கொடுக்கவில்லை. ரஜினிகாந்த்? "பஸ் கண்டக்டரா இருந்தவர்தானே!" உண்மை. கண்டக்டர் வேலையை விட்டுப் பெங்களூரிலிருந்து சென்னைக்கு எதற்கு வந்தார்? திரைப்படக் கல்லூரியில் நடிப்புப் படிக்க. அங்கேதான் பாலச்சந்தர் கண்ணில் பட்டார், 1975 இல் 'அபூர்வ ராகங்கள்' வந்தது. விஜய் சேதுபதி கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் கணக்கெழுதப் போனவர் என்றார்கள். பட்டறையில் கணக்கெழுதிக்கொண்டு மற்றவர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்த ஒருவர் இவ்வளவு தூரம் வந்தார் என்றால், இது என் கட்சிக்கான சாட்சி, நண்பரே.

ஒரு உதாரணத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. 2015 இல் கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய 'தீபன்' படத்தின் நாயகன் நம்முடைய ஷோபாசக்தி. எந்த நடிப்புக் கல்லூரியிலும் படித்தவரல்ல. போராளி இயக்கத்தில் இருந்து, நாடு நாடாய் அலைந்து, பிரான்சில் அகதியாய் வாழ்ந்த வாழ்க்கைதான் அவருக்குப் பயிற்சி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாடத்திட்டத்தில் தன் பிள்ளையைச் சேர்க்க இங்கே எந்தத் தகப்பனும் விண்ணப்பப் படிவம் கேட்கமாட்டார்.

இப்போது கைதட்டிய தகப்பன்மாரிடம் வருகிறேன். உங்கள் கேள்வி, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா? 2017 இல் காந்தி பூங்காவுக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் போராட்டத்தில் இருந்ததை நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். அதில் நாடகம் படித்தவர்களும் இருந்திருப்பார்கள். வரலாறு, புவியியல், பொருளியல் படித்தவர்கள் இல்லையா? அவர்களைக் காட்டிப் பொருளியலை மூடச் சொல்வீர்களா? பட்டம் கொடுத்துவிட்டு வேலைக்கு எடுக்காமல் விடுவது அரசாங்கத்தின் வேலைக் கணக்கு. அதை நாடகத்தின் தலையில் கட்டாதீர்கள்.

இன்னொன்று. "துறை" என்றதும் நண்பருடைய கண் நேரே கோடம்பாக்கத்துக்குப் போய்விடுகிறது. இலங்கையில் முதல் தமிழ்ப் படம் 1962 இல் 'சமுதாயம்'. அன்றிலிருந்து இன்றுவரை இலங்கைத் தமிழ்ப் படத்தில் நடித்த காசில் கல்வீடு கட்டினவர் இங்கே யாராவது இருந்தால் மேடைக்கு வரட்டும், மாலை போடுவோம். சினிமாதான் துறை என்றால் நான் இப்போதே தோற்றுவிட்டேன். ஆனால் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள். நாடகமும் அரங்கியலும் சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் பாடம். தமிழ்மொழித் தினப் போட்டி வந்தால் நாடகம் இல்லாமல் முடியாது. அதைப் பழக்குவது யார்? "நீங்கதானே தமிழ் டீச்சர்" என்று அதிபர் ஒருவரைப் பிடித்துத் தள்ளிவிடுவார். அவர் என்ன செய்வார் பாவம்? பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, சபையைப் பார்த்துக் கத்தச் சொல்வார். அரசன் கத்துவான், மந்திரி கத்துவான், கடைசியில் மரமாக நிற்கிற பிள்ளையும் கத்தும். நாடகம் படித்த ஆசிரியர் ஒருவர் போன பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவதை நீங்கள் அரங்கில் பார்த்த உடனே கண்டுபிடிப்பீர்கள். 1996 இல் நம் ஊரில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா போரில் அகப்பட்ட பிள்ளைகளை விளையாட்டாலும் கதையாலும் பேச வைக்கப் பார்த்தது. அந்த மாதிரி வேலைக்கும் நாடகம் தெரிந்த ஆள் வேண்டும். வானொலியில், குறும்படத்தில், மேடை வெளிச்சத்தில், ஒப்பனையில் எல்லாம் வேலை இருக்கிறது. சம்பளம் சின்னது. வேலை சின்னதல்ல.

கல்லூரியில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஸ்தனிஸ்லவ்ஸ்கியைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதத் தெரிந்து, மேடையில் நின்றால் கையை எங்கே வைப்பதென்று தெரியாத பட்டதாரியும் வெளியே வரத்தான் செய்கிறார். நோட்ஸ் கொடுத்துப் பாஸ் பண்ண வைக்கிற பழக்கம் நாடகத்தையும் விடவில்லை. அதற்குக் கேட்க வேண்டியது இன்னும் கூடுதலான மேடையை. மூடுவிழாவை அல்ல.

கடைசியாக ஒன்று. இதை நண்பர் தொடவே இல்லை. அவர் புகழ்ந்த அந்தக் களரியில் திரௌபதி யார்? சுபத்திரை யார்? மீசை எடுத்த நம்முடைய மாமாமார். அழகாக ஆடினார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் கூத்து நடந்த இரவுகளில் பெண்கள் எங்கே இருந்தார்கள்? பாயில். பாட்டு முழுக்க அவர்களுக்குப் பாடம், அடுத்த நாள் நெல்லுக் குத்தும்போதும் பாடுவார்கள், ஆனால் காலில் சதங்கை கட்ட அவர்களுக்கு இடமில்லை. பெண் வேஷத்தைப் பெண்ணே ஆடலாம் என்று பேராதனை மேடையில் மாணவிகள் ஏறித்தான் காட்ட வேண்டியிருந்தது. 1982 இல் சுவாமி விபுலானந்தர் பெயரில் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கிப் பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாகிய இடம் கல்லடியில் இருக்கிறது. பாலத்தால் போனால் பத்து நிமிசம். அங்கே நாடகம் படிக்கிற பிள்ளைகளில் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள். வடமோடிக் கூத்தின் பாய்ச்சலை அவர்கள் ஆடுவதையும் பாருங்கள்.

எனக்குப் பிறகு எதிரணியில் பேச வருகிறவர் சிவாஜியை விடட்டும், மீனை விடட்டும். ஒரேயொரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். கல்லூரி வேண்டாம், களரி போதும் என்கிறீர்கள். இந்த முன்வரிசையில் இருக்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளை நாளைக்கு வந்து, "அண்ணாவியார், எனக்கு அருச்சுனன் ஆடப் பழக்குங்க" என்று கேட்டால், எந்த ஊர்க் களரியில், எந்தக் கிழமையிலிருந்து பழக்குவீர்கள்? ஊரின் பெயரைச் சொல்லுங்கள். நான் போய் இருக்கிறேன்.