துணை வழங்கிக்குத் தலைமை

வங்கிக் கணக்காயினும் வைத்தியசாலைப் பதிவாயினும் இன்று தரவுத்தளங்களிலேயே எழுதப்படுகின்றன. தரவுத்தளத்தைத் தாங்கி நிற்கும் கணினியை வழங்கி என்பர். ஒன்றையே நம்பியிருத்தல் தகாதாகையால் துணையாக மற்றொன்றும் வைக்கப்படும். தலைமை வழங்கியில் எழுதப்படுவதையெல்லாம் துணை வழங்கி படியெடுத்துக்கொண்டே இருக்கும். தலைமை வீழ்ந்தால் அதனிடத்துக்கு உயர்த்தப்படும். கேட்பதற்கு எளிய ஏற்பாடுதான். ஆயின், மறுமொழி தராத தலைமை உண்மையிலேயே வீழ்ந்ததா, அன்றி இடையிலுள்ள தொடர்பு மட்டும் அறுந்ததா என்பதைத் தொலைவிலிருந்து அறிவது எங்ஙனம்?

மென்பொருளாளர் பலர் தம் ஆக்கங்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் நிறுவனத்தில் 2018 ஒக்டோபர் 21ஆந் தேதி நிகழ்ந்ததை இங்கு நோக்கலாம். ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரையில், பழுதுபட்டு வந்த ஒளியிழைக் கருவியொன்றை மாற்றும்போது, அங்கிருந்த தலைமை நிலையத்தின் தொடர்பு 43 விநாடி அறுந்தது. அவ்வளவுதான். ஆனால், காவலுக்கு வைத்திருந்த நிரல் அதற்குள் முடிவுசெய்துவிட்டது. பிற இடங்களிலிருந்த அதன் கூறுகள் பெரும்பான்மை கண்டு, மேற்குக் கரை வழங்கிகளுக்குத் தலைமையை அளித்தன. வாக்கெடுப்பு முறைப்படியே நடந்தது, விளைவோ விபரீதம்.

கிழக்கிலே இறுதியாக எழுதப்பட்ட சில பதிவுகள் மேற்கை அடையவில்லை. மேற்கோ அரை மணிக்கு மேலாகப் புதிய பதிவுகளை ஏற்றிருந்தது. இரு பக்கத்திலும் மற்றதிடம் இல்லாத பதிவுகள்! எதனையும் கழித்துவிட இயலாது. நெருக்கடி மிக்க தொகுதிகளுள் ஒன்றில் மட்டும் கிழக்கில் தனித்து நின்றவை 954. விரைந்து இயங்குவதினும் பதிவுகளைக் காப்பதே முதன்மை எனப் பொறியியலாளர் துணிந்தனர். அது தக்க துணிவே. சேமப் படிகளிலிருந்து யாவற்றையும் மீட்டு முடிக்க 24 மணி 11 நிமிடம் சென்றது.

ஆகவே, துணையை உயர்த்துமுன் பழைய தலைமையை முற்றாக அடைத்துவிடுதல் வேண்டும். மின்சாரத்தை நிறுத்தியேனும் அது எழுதாதவாறு செய்தல் நன்று. துணை எதுவரை படியெடுத்துள்ளது என்பதையும் நோக்குதல் வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் உயர்த்துதற்கு ஒரே கட்டளை போதும்; அக்கணமே புதிய காலவரிசை தொடங்கிவிடும். பழைய தலைமை பின்பு பழுது நீங்கி எழுந்தாலும் பழைய இடத்தில் அமர இயலாது. தான் மட்டும் எழுதியதைக் கைவிட்டு, புதியதன் துணையாகவே அது மீளவேண்டும்.

கிட்ஹப் நிறுவனமோ, ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தலைமை தானாகவே மாறாதவாறு தன் காவல் நிரலைத் திருத்தி அமைக்க முடிவுசெய்தது.