ஈறு வளர்ந்தால் மாத்திரையை நிறுத்தலாமா?



சிறுநீரகம் கெட்டுப்போனவருக்கு இன்னொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்துகிறார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1971-லேயே இதைச் செய்து வெற்றி கண்டார்கள். இன்று நம் நாட்டில் பல ஊர்களில் செய்கிறார்கள்.

பெற்ற தாயே கொடுத்தாலும், பிள்ளையின் உடம்புக்கு அது வேற்றுப் பொருள்தான். உடம்பு அதை எதிர்க்கும். அந்த எதிர்ப்பை அடக்கத்தான் தினமும் மாத்திரை. அதில் ஒன்று சைக்ளோஸ்போரின். 1980களில் வந்த நல்ல மருந்து. பொருத்திய சிறுநீரகம் நிலைக்க இது பெரிதும் உதவியது.

ஆனால் இதைச் சாப்பிடும் சிலருக்கு ஈறு வளரும். முதலில் முன்பற்களின் நடுவே மொட்டுப் போலத் தெரியும். பிறகு தடித்துப் பல்லையே மூடும். தொட்டால் ரத்தம் வரும். மெல்ல முடியாது. நாலு பேர் நடுவே சிரிக்கக் கூச்சமாக இருக்கும். ரத்தக் கொதிப்புக்குத் தரும் நிபெடிபின், அம்லோடிபின் மாத்திரைகளாலும் ஈறு வளரலாம்.

"மாத்திரையால்தானே வந்தது? நிறுத்திவிடுவோம்" என்று நினைப்பவர்கள் உண்டு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் உடம்பு சிறுநீரகத்தைத் தாக்கும். தாய் கொடுத்தது வீணாகும். மறுபடியும் டயாலிசிஸ்தான்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் வாய்ச் சுத்தம். பல்லில் அழுக்குப் படிந்தால் ஈறு அதிகம் வளரும். ரத்தம் வருகிறதே என்று பயந்து பல் துலக்காமல் விட்டால் அழுக்கு சேரும். ஈறு இன்னும் வீங்கும். அதனால் ரத்தம் வந்தாலும், மென்மையான பிரஷால் காலையும் இரவும் துலக்க வேண்டும். செங்கல் தூள், கரித்தூள் கூடவே கூடாது. பல் டாக்டரிடம் போய்ப் பல்லில் உள்ள காறையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிறுநீரக டாக்டரிடமும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். கால் வீக்கத்தைக் காட்டுவோம், வாயைக் காட்டத் தோன்றாது! அவர் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பார். டாக்ரோலிமஸ் என்ற வேறு மருந்துக்கு மாற்றவும் செய்யலாம். அதனால் ஈறு வளர்வது குறைவு. ஆனால் அது சிலருக்குச் சர்க்கரையைக் கூட்டும். எனவே டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதற்கும் அடங்காவிட்டால், மரத்துப்போக ஊசி போட்டு, வளர்ந்த ஈறை வெட்டி எடுப்பார்கள். பழைய மருந்தே தொடர்ந்தால் மறுபடி வளரக்கூடும்.

பல் டாக்டரிடம் போகும்போது மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். சிறுநீரகம் மாற்றியிருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். வலிக்குத் தரும் சில மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள்.