மலைத்தொடரும் கணவாயும்: கருத்தரங்கத் தலைமை உரை

அடையாற்றங்கரைச் சமவெளியிலுள்ள பொழிச்சலூரில் மலைத்தொடர்கள் பற்றிய கருத்தரங்கு கூடுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் அருகே பல்லாவரம், திரிசூலம் குன்றுகளில் உடைத்தெடுக்கப்பட்ட கருநீலச் சாயலுள்ள கல், பூமியின் ஆழத்தில் மிகுவெப்பத்தில் உருவான சார்னகைட் என்னும் பாறையாகும்; நீலகிரியும் சேர்வராயனும் பெரிதும் இப்பாறையால் ஆனவையே. பொழிச்சலூர்க் கோயிலில் அகத்தீசுவரர் என்னும் பெயரால் நினைக்கப்படும் அகத்திய முனிவரும், விந்தியத்தை அடக்கிப் பொதிகையில் அமர்ந்தவர் என்பது புராண வழக்கு.

மேற்குத் தொடர்ச்சி மலை தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கி ஏறத்தாழ 1,600 கி.மீ. நீள்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுவதால், கிழக்கே மழைமறைவுப் பகுதி, அதாவது மலையின் தடுப்பால் மழை குன்றும் நிலம், உண்டாகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையோ தொடர் என்னும் பெயருக்கு முழுத் தகுதி உடையதன்று. கோதாவரி, கிருஷ்ணா, பாலாறு முதலிய ஆறுகள் ஊடறுத்த இடைவெளிகளால் அது சவ்வாது, கல்வராயன், கொல்லி எனத் தனித்தனிக் கூட்டங்களாகச் சிதறிக் கிடக்கிறது.

ஆகவே மலை மழையைப் பிரிக்கும் அளவுக்கு மக்களைப் பிரித்ததில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும், வடக்கே 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா, தெற்கே 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி என இரு பெருமலைத் திரள்களுக்கு நடுவே, ஏறத்தாழ 30 கி.மீ. அகலமும் 300 மீட்டருக்கும் குறைந்த உயரமும் உடைய பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. பண்டைய மேற்குக் கடற்கரை வாணிகம் கொங்கு நாட்டுக்குள் வந்த வழியும் அதுவே. சென்னையிலிருந்து புறப்பட்ட இருப்புப் பாதை, பாலாற்றுப் பள்ளத்தாக்கைப் பற்றிச் சென்று, பின்னர் இக்கணவாய் வழியே 1862இல் மேற்குக் கரையிலுள்ள பேப்பூரை அடைந்தது. பம்பாயிலிருந்து புறப்பட்ட பாதையோ ‘போர் காட்’ எனப்படும் மலைச்சரிவில் அரும்பாடுபட்டு ஏறவேண்டியிருந்தது.

அரசியல் எல்லைகளும் மலைமுகட்டுக்கு முற்றும் கட்டுப்பட்டவையல்ல. மலைக்குக் கிழக்கிலுள்ள செங்கோட்டை 1956 வரை மேற்குக் கரை அரசான திருவிதாங்கூரோடும், அதன் பின்வந்த திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. கணவாய்க்குள் அமைந்த பாலக்காடோ அதே ஆண்டு வரை மதராஸ் மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இரண்டும் இடம் மாறின. நீர்பிரிமேட்டைக்கூட, அதாவது மழைநீர் இருபுறமாகப் பிரிந்தோடும் முகட்டைக்கூட, மனிதன் மதிக்கவில்லை: மேற்கே ஓடிய பெரியாற்று நீரை, 1895இல் பொறியாளர் பென்னிகுவிக்கின் அணை தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பியது. ஒரு முகட்டை எல்லையென்று வரைபடத்தில் கோடு இழுப்பதால் நாடு பிரிந்துவிட்டதெனக் கொள்வது வரைபடத்தை நிலமென்று நம்புவதாகும்.

சிகரங்களின் உயரங்களைப் பட்டியலிடும் நூல்கள் தமிழில் உண்டு. கணவாய்களையும் அவற்றினூடே சென்ற பழைய வண்டித்தடங்களையும் முறையாக அளந்து தொகுத்த நூல் வேண்டும். அச்சன்கோயில், கம்பம், செங்கோட்டை, பாலக்காடு ஆகிய வழிகளில் மாட்டுவண்டியும் சுமைக்காரரும் சென்ற காலத்தை அறிந்த முதியோர் இன்னும் இருக்கையிலேயே இளம் ஆய்வாளர்கள் அப்பணியைத் தொடங்கவேண்டும் எனத் தலைமை கேட்டுக்கொள்கிறது.